அழகர் கடலில் இறங்கிய வைபவம்

மே 26, திங்கள்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: மதுரை பழங்காநத்தத்தில் மாடி வீட்டில் வசிக்கும் அழகர்சாமி என்கிற அடியேனின் மேலுதட்டில் இன்று காலை மூன்று மீசை முடிகள் எழுந்தருளியுள்ளன. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. வலப்பக்கத்தார் தனிமையில் இருப்பதால் பக்தர்கள் சற்றுத் தள்ளி நின்று தரிசிக்கவும்.

வீட்டில் ஒருவரும் தரிசிக்கவில்லை. காரணம், இதே நாளில் அக்காவுக்கு அரசாங்க வேலைக்கான ஆணை வந்து தொலைத்தது. என் மீசை ஒரு நாள் பொறுத்து முளைத்திருக்கலாம்.

அக்கா பெயர் அங்கயற்கண்ணி. வீட்டில் கயல். வயது இருபத்து மூன்று. இடது காலுக்குப் பிறவியிலிருந்தே பலம் கிடையாது. ஒரு கட்டையை ஊன்றி நடப்பாள், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் பறப்பாள். வேலை கன்னியாகுமரியில். அடுத்த திங்கள் காலை பத்து மணிக்குச் சேர வேண்டும். கயல் கடலுக்குப் போவதில் என்ன ஆச்சரியம் என்று நான் கேட்டதற்கு அம்மா கரண்டியை ஓங்கினாள்.

அப்பா ஆணையைப் படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார்.

"அவ்வளவு தூரத்துல நீ தனியா எப்படிம்மா இருப்ப? அவசரம்னா யாரு வருவா?"

"நானே பாத்துக்குவேன்."

"சொல்றது லேசு."

"சொல்லலை. செஞ்சு காட்டுறேன். என் வண்டியிலயே கன்னியாகுமரி வரைக்கும் போறேன்."

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். மதுரை – கன்னியாகுமரி வழித்தடத்தில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓட்டுகிறார். அந்தச் சாலையில் எந்தப் புளியமரம் எந்த வருஷம் வெட்டப்பட்டது என்பது வரை தெரியும். அதனால்தான் பயமும் அதிகம்.

"அந்த ரோட்டுல நான் பாத்ததையெல்லாம் நீ பாக்கலை" என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "சரி, போ. வழியில எங்கயாச்சும் ‘முடியலப்பா’ன்னு ஒரு போன் வந்துச்சுன்னா, வண்டியோட உன்னையும் ஏத்திக்கிட்டு வந்துருவேன். அப்புறம் வேலைப் பேச்சே எடுக்கக் கூடாது."

"போன் வரலைன்னா?"

"வரலைன்னா அங்கயே இரு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

மெய்க்காப்பாளராக நான் ஒருமனதாக நியமிக்கப்பட்டேன். ஓட்டுப் போட்டது நான் மட்டும்தான்.

மே 27, செவ்வாய்

அக்கா போனால் அவள் அறை எனக்கு. கேரம் போர்டை எந்த மூலையில் போடுவது என்று அளந்து பார்த்தேன். நல்ல அறை. ஆனால் ரொம்பப் பெரிது.

மே 29, வியாழன்

பயண ஏற்பாடுகள் மும்முரம்.

நாங்கள் போகப்போவது ராணி மங்கம்மாள் போட்டதாகச் சொல்லப்படும் பழைய சாலை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை. இப்போது நாலுவழிச் சாலை ஊர்களை ஒதுக்கிவிட்டு ஓடுகிறது. பழைய சாலை மிச்சமிருக்கும் இடத்தில் அதிலேயே போவது என்பது கயலின் திட்டம். "லாரிக்காரன் கூட மல்லுக்கட்ட வேணாம், ஊருக்கு ஊரு டீ குடிக்கலாம்" என்றாள். ராணி குதிரையில் போயிருப்பார். நாம் அதைவிட மெதுவாகப் போவோம் என்றேன்.

ஸ்கூட்டரின் பின்னால் தொங்கவிட ஒரு அட்டை எழுதினேன்: "பின்னால் இருப்பவர் மெய்க்காப்பாளர். மோதினால் கடிப்பார்."

பச்சைச் சட்டை ஒன்றும் எடுத்து வைத்தேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று ஊரே கழுத்தை நீட்டிப் பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு. அந்த அழகர் ஆற்றில்தான் இறங்குவார். இந்த அழகர் பச்சை உடுத்திக் கடலில் இறங்கப்போகிறான். அதுவும் அக்காவைக் கைப்பிடித்து இறக்கப்போகிறான். தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

"கடலை நேர்ல பாத்திருக்கியாடா?" என்றாள் கயல்.

"படத்துல பாத்திருக்கேன். தண்ணிதானே?"

மே 30, வெள்ளி. கோவில்பட்டி

புறப்படும் நேரத்தில் ஸ்கூட்டர் சாவியைக் காணோம். வீட்டைப் புரட்டிப் போட்டோம். கடைசியில் என் கிரிக்கெட் கையுறைக்குள் இருந்தது. சாவிகளுக்குச் சில சமயம் கால் முளைத்துவிடும். கயல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்தச் சம்பவத்தைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

அம்மா சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் மூன்று வாங்கி வந்திருந்தாள். எல்லாரும் மூணு சக்கர வண்டி, மூணு சக்கர வண்டி என்று சொல்லிச் சொல்லி, அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று நாலு இருப்பதே மறந்துவிட்டது. அப்பா வலப்பக்கச் சக்கரத்தைக் காட்டி, "இதுக்கு மட்டும் பழம் இல்லையா?" என்று சங்கடப்பட்டார். பேருந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். "அதுக்கு நான் ஜூஸ் வாங்கிக் கொடுக்கிறேன்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பச் சொன்னேன்.

ஒரு விஷயம் இன்றுதான் புரிந்தது. சாதாரண இருசக்கர வண்டி ஒரே கோட்டில் போகும்; பள்ளத்தை ஒதுக்கிவிடலாம். கயலின் வண்டி மூன்று கோடு போடும். நடுச்சக்கரத்தைக் காப்பாற்றினால் இடதோ வலதோ பள்ளத்தில் விழும். எதை விழ வைப்பது என்று அவள் நொடிக்கு நொடி முடிவெடுத்துக்கொண்டே ஓட்டுகிறாள். திருமங்கலம் தாண்டுவதற்குள் எனக்கு முதுகெலும்பு இருப்பது உறுதியாகிவிட்டது.

என் அட்டைக்கு நல்ல வரவேற்பு. சாத்தூரில் டீக்கடை வாசலில் நாலு பேர் நின்று படித்துச் சிரித்தார்கள். அரசுப் பேருந்து ஓட்டுநர்கள்தான் முக்கிய ரசிகர்கள். எங்களைத் தாண்டும் ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைத்து, இரண்டு முறை குட்டியாக ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். எதிரே வருபவர்கள்கூட அடிக்கிறார்கள். எதிரே வருகிறவருக்குப் பின்னால் தொங்கும் அட்டை எப்படித் தெரிந்தது என்பது மட்டும் விளங்கவில்லை. புகழ் அப்படித்தான் பரவும் போல.

கோவில்பட்டியில் சித்தி வீடு. கயல் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தது. சித்தி தேங்காய் எண்ணெய் தடவினாள். நான் விசிறினேன். கொசுவுக்காக.

மே 31, சனி. திருநெல்வேலி

கயத்தாற்றுக்குச் சற்று முன்னால், பழைய சாலையின் கடைசிப் பள்ளத்தில், வலப்பக்கச் சக்கரத்தைத் தாங்கும் இரும்பு விரிசல் விட்டு முறிந்தது. எலுமிச்சம்பழம் வைக்காத அதே சக்கரம். வண்டி காலொடிந்த கட்டில் போலச் சாய்ந்தது. நான் குதித்து முட்டுக் கொடுத்ததால் பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது என்று வரலாறு எழுதட்டும். (கயல் ஏற்கெனவே பிரேக் பிடித்துக் கட்டையை ஊன்றிவிட்டாள்.)

தள்ளிக்கொண்டே ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"போட்டிரலாம் தங்கச்சி. ஆனா கரண்டு இல்ல. இன்னைக்கு லைன் வேலை. சாயங்காலம்தான் வரும்ங்கான். வருமோ வராதோ."

"நாளைக்குக் காலையில?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் கொழுந்தியா கல்யாணத்துக்குல்லா போறேன்."

கயல் வேப்ப மரத்தடியில் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். கைப்பேசியை எடுத்தாள். மடியில் வைத்தாள். மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. வெயில் மரத்தைச் சுற்றி வந்து எங்களைப் பிடித்தது. மின்சாரம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு பேருந்து நின்றது. அங்கே நிறுத்தமே கிடையாது. ஓட்டுநர் இறங்கி முன் டயரை ஒரு உதை உதைத்தார், எங்களைப் பார்த்தார், கைப்பேசியில் யாரிடமோ பேசினார், ஏறிப் போய்விட்டார். டயருக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை.

"அப்பாவுக்கு ஒரு போன் போட்ருவோமா?" என்றேன். "வண்டியோட வீட்டுக்குப் போயிரலாம். உனக்கும் கை வலிக்குது. அம்மாவும் பாவம். வேலை மதுரையிலயே இன்னொண்ணு கிடைக்காமயா போயிரும்?"

"உனக்கு நான் போகணுமா, வேணாமாடா?"

"எனக்கென்ன வந்துச்சு? நான் உன் கைக்காகச் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்த விதம் நேற்றுச் சாவிக்குப் பார்த்த அதே விதம். தன் கைப்பேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"என் போன்ல இருந்து நான் பண்ண மாட்டேன். உன் போன் உன் கையில இருக்கு. பண்ணணும்னா நீ பண்ணு. நான் தடுக்கலை."

என் கைப்பேசியை எடுத்தேன். அப்பா பெயர் முதலிலேயே இருந்தது. ஒரே ஒரு தொடல். அக்கா வீட்டில் இருப்பாள், அறை அவளுடையதாகவே இருக்கும், ராத்திரி அவள் கட்டை தரையில் தட்டும் சத்தம் கேட்கும்.

அப்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. உடைந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்ஜ் இல்லக்கா" என்றேன்.

பாதிக்கு மேல் இருந்தது.

நாலே முக்காலுக்கு மின்சாரம் வந்தது. பட்டறை மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் நானும் கயலும் எழுந்தே நின்றுவிட்டோம். பட்டறைக்காரர் முறிந்த இடத்தோடு நிறுத்தாமல் இரண்டு பக்கமும் கனத்த பட்டை வைத்துப் பற்ற வைத்தார்.

"ரோடு மோசம்ணே" என்றேன்.

"ரோட்டு மேல பழி போடாத. பின்னால ஒரு மூட்டை இருந்திருக்குல்லா, அதான் முறிச்சிருக்கு."

மூட்டை என்று அவர் குறிப்பிட்டது மெய்க்காப்பாளரை.

இருட்டுவதற்குள் திருநெல்வேலி. மாமா வீடு. தோசை ஏழு. எட்டாவதை எண்ணவில்லை.

ஜூன் 1, ஞாயிறு. கன்னியாகுமரி

வந்துவிட்டோம்.

மறுபடியும் எழுதுகிறேன், பார்க்க நன்றாக இருக்கிறது. வந்துவிட்டோம்.

இனி விவரம். வள்ளியூர் வரை வண்டி சமர்த்தாக ஓடியது. பணகுடி தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கே மலை இடைவெளியிலிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் காற்றாலைகள். எங்களைத் தவிர அந்தக் காற்றில் எல்லாருக்கும் வேலை நடந்தது. வலது பக்கமிருந்து ஒரு ஆள் கையை வைத்துத் தள்ளுவது போல வண்டியைச் சாலையின் ஓரத்துக்கு ஒதுக்கியது. ஓரத்துக்கு அப்புறம் பள்ளம். என் அட்டை பிய்த்துக்கொண்டு எங்கோ பறந்தது.

"குனிஞ்சு என் முதுகோட ஒட்டிக்க" என்று கத்தினாள் கயல்.

"நிறுத்திரலாமா?"

"நிறுத்தினா கவுத்திரும். பேசாத."

நடப்பவர்கள்கூடத் தாண்டிப் போகும் வேகம். அவள் தோள்கள் இரண்டும் கல் மாதிரி இறுகி நடுங்கின. முன்சக்கரம் இரண்டு முறை பள்ளத்தின் விளிம்பைத் தொட்டது.

திடீரென்று காற்று நின்றது. யாரோ கதவைச் சாத்தியது போல.

வலது பக்கம் பார்த்தேன். பேருந்து. எங்களைத் தாண்டாமல், எங்கள் வேகத்துக்கே, எங்களை ஒட்டி, ஒரு சுவர் மாதிரி வந்துகொண்டிருந்தது. படியில் அப்பாவின் நடத்துநர் மாரிக்கண்ணு அண்ணன் தொங்கிக்கொண்டிருந்தார்.

"ஏய் அழகரு. உங்க அப்பா சொல்லச் சொன்னாரு. யாரும் அவருகிட்ட உதவி கேக்கலையாம். அவரும் யாருக்கும் உதவி பண்ணலையாம். அவரு பாட்டுக்கு பஸ் ஓட்டுறாராம்."

உள்ளேயிருந்து ஒரு பயணி, "இதுக்கு இறங்கி நடந்துரலாம்யா" என்றார்.

"நடங்க. காத்து ஊருக்கே தூக்கிட்டுப் போயிரும்" என்றார் மாரிக்கண்ணு அண்ணன்.

கயல் திரும்பவில்லை. கண் சாலையிலேயே இருந்தது. ஆனால் கன்னம் நனைந்திருந்ததை நான் பார்த்தேன். "நானும் யாருகிட்டயும் கேக்கலைன்னு சொல்லுடா" என்றாள். சொன்னேன். அண்ணன் உள்ளே போய்ச் சொன்னார். திரும்பி வந்து, "தெரியும்னாரு" என்றார்.

காவல்கிணறு விலக்கு தாண்டி, வீடுகள் நெருங்கிக் காற்று தணியும் வரை அந்தச் சுவர் எங்கள் கூடவே வந்தது. பிறகு இரண்டு முறை குட்டியாக ஹாரன். அந்த ஹாரனை நேற்றிலிருந்தும் அதற்கு முந்தின நாளிலிருந்தும் கேட்டுக்கொண்டே வருகிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. என் அட்டையின் புகழ் பற்றி எழுதியதை அடித்துவிட நினைத்தேன். எழுத்து நன்றாக இருப்பதால் விட்டுவைக்கிறேன்.

கன்னியாகுமரியில் கடைகள், விடுதிகள், சங்கு விற்பவர்கள் எல்லாரையும் தாண்டித் தெரு சரிந்தது. சரிவின் முடிவில் வானம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது. கயல் மெதுவாக உருட்டிக்கொண்டு போய்த் தடுப்புக் கல்லில் முன்சக்கரம் முட்டியதும் இன்ஜினை அணைத்தாள்.

"அழகரு, ரோடு தீந்துருச்சுடா."

மதுரையில் எங்கள் வீட்டுப் பக்கம் தொடங்கிய சாலை. அதற்கு மேல் போக இடமில்லாமல் அங்கே நின்றது. நாங்கள்தான் அதைத் துரத்திக்கொண்டு வந்து முட்ட வைத்தோம். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். ஐஸ் விற்பவர் என்னவென்று கேட்டார். "ரோட்டை முடிச்சிட்டோம்ணே" என்றேன்.

அப்பா காக்கிச் சட்டையோடு டீ கிளாஸைப் பிடித்தபடி நடந்து வந்தார். எங்களைப் பார்க்காமல் நேராக வலப்பக்கச் சக்கரத்திடம் போனார். குனிந்து பார்த்தார், காலால் அழுத்தினார்.

"வெல்டிங் கெட்டியாப் போட்டிருக்கான். கயத்தாறா?"

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள் கயல்.

"பொதுவா அங்கதான் உடையும்."

அப்புறம் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். "நாளைக்குப் பத்து மணிக்குன்னா, ஒம்பதரைக்கே ஆபீஸ்ல இரு. மொத நாளு" என்றார்.

கயல் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்து, உலகம் எதிர்பார்த்த வைபவம். அடியேன் பச்சை உடுத்தி, அக்காவைக் கைப்பிடித்து, முழங்கால் ஆழத்துக்குக் கடலில் இறக்கினேன். அலைகள் வந்து வணங்கிச் சென்றன. அப்பா கரையிலிருந்து படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்: "தம்பி அக்காவைக் கைபிடித்துக் கடலில் இறக்குகிறான்." சித்தி கண்ணீர் விடும் பொம்மை ஐந்து போட்டிருக்கிறாள். மாமா "வீரன்டா" என்று எழுதியிருக்கிறார். அடக்கத்தின் காரணமாக இத்துடன் நிறுத்துகிறேன்.

ஜூன் 2, திங்கள்

ஒன்பதரைக்கு அலுவலகத்தில் விட்டோம். கயல் கட்டையை ஊன்றிப் படியேறினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். நான் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப அழுக்கு.

அப்பா பேருந்தில், அவருக்குப் பின் இருக்கையில் திரும்பினேன். பணகுடிப் பக்கம் காற்றே இல்லாதது போல இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தால் தெரியாது.

ஜூன் 4, புதன். மதுரை

தெருவில் மூன்று பேருக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். நாலாவதாகக் கீழ்வீட்டுப் பொடியன் வந்து, "அண்ணே, நீங்கதானே அக்காவைப் பிடிச்சீங்க?" என்றான். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

கணுக்கால் ஆழம்தான். முழங்கால் எல்லாம் புளுகு. முதல் அலை வந்தபோது நன்றாகத்தான் நின்றேன். அது திரும்பிப் போகும்போது காலுக்கடியில் இருந்த மணலையும் இழுத்துக்கொண்டு போனது. தரையே நகர்ந்தது. தரை நகரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "அம்மா" என்று அலறிக்கொண்டு குப்புற விழுந்தேன். வாயில் உப்பு, மூக்கில் உப்பு, மீசையின் மூன்று முடியிலும் மணல்.

கயல் கட்டையை மணலில் ஆழமாக ஊன்றி அசையாமல் நின்றாள். மற்றொரு கையால் என் பச்சைச் சட்டையின் காலரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். நான் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அந்த நொடியில்தான் அப்பா படம் எடுத்தார். பின்னாலிருந்து பார்த்தால் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் அப்படி எழுதினார்.

"காலடியில தரை நகர்றது எனக்குப் பழக்கம்டா" என்றாள் கயல். "உனக்குத்தான் புதுசு."

பிறகு என் காதருகே, "சார்ஜ் இல்லைன்னு சொன்னதுக்குத் தேங்க்ஸ்" என்றாள்.

அதற்கப்புறம் நான் கொஞ்ச நேரம் அழுதேன். கடல் தண்ணீர் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். மெய்க்காப்பாளன் என்று இந்த டைரியில் எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் மெய்யை அடித்துவிட்டுப் பொய் என்று வாசித்துக்கொள்ளவும்.

கேரம் போர்டு இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. நானும்.

பச்சைச் சட்டையில் அவள் பிடித்த இடத்தில் காலர் கிழிந்துவிட்டது. அம்மா தைத்துத் தரேன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். கொடுக்கவில்லை.